ஈய அளவுகள் இருந்த டேப்

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை முற்பகல், தொழிலாளர் நலப் பரிசோதனைக் கூடத்தின் இரண்டாம் மாடியில், மூன்றாம் எண் டேப் இயந்திரத்தில் இருந்த பழைய டேப் ஒன்றின் தொடக்கத்தில் வேறு தரவு எழுதப்பட்டது. எழுதி முடித்த இடத்தில், எல்லா டேப் இயந்திரங்களும் செய்வதைப் போலவே, அது 'முடிந்தது' என்ற குறியையும் வைத்தது. அந்தக் குறிக்குப் பின்னால் இருந்த எதையும் அதன்பிறகு அது படிக்கவில்லை.

அந்த டேப்பை இயந்திரத்துக்குள் தள்ளியவளைக் கூடத்தில் எல்லோரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கீழ்த்தளத்தில் இரத்தம், சிறுநீர், தூசி என்று வருவதையெல்லாம் அளக்கும் கருவிகள் இருந்தன. அவை தரும் எண்கள் நெட்வொர்க் வழியாக மேலே வந்து டேப்பில் ஏறும். ஏறியது பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. உலகமே டேப்பைத் தலைமுழுகிய பிறகு இது என்ன பிழைப்பு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவன் கேட்பதோடு நிறுத்த மாட்டான்.

"அக்கா, இந்த ரூமுக்கு வெளிய ஒரு டிக்கெட் கவுண்டர் போட்டா, ஸ்கூல் பிள்ளைங்க வந்து பாத்துட்டுப் போகும்."

"போடுறா. முதல் கூண்டுல உன்னை நிக்க வெக்கிறேன். வேலை செய்யாத ஒரே பொருள் நீதான்."

அவனுக்குச் சுவிட்ச் என்று பெயர். வேலையாலும் வந்த பெயர், எப்போது வேண்டுமானாலும் அணைந்துவிடுவான் என்பதாலும் வந்த பெயர்.

அவளுடைய அண்ணன் பதினேழு வருடம் பேட்டரி ஆலையில், ஈயம் உருக்கும் உலையடியில் வேலை பார்த்தவன். வருடத்துக்கு ஒரு தடவை ஆலை தன் ஆட்களின் இரத்தத்தைக் கூடத்துக்கு அனுப்பும். முடிவு ஆலைக்குத்தான் போகும். ஆலை மருத்துவர் ஆளாளுக்கு ஒரு துண்டுச்சீட்டு கொடுப்பார். எல்லாச் சீட்டிலும் 'இயல்பு' என்று இருக்கும். அண்ணனின் கைகள் நடுங்கத் தொடங்கிய வருடமும் இயல்பு, மணிக்கட்டு தொங்கிப்போன வருடமும் இயல்பு. ஆலையை மூடிய பிறகு அவனும் அவனோடு உலையில் நின்ற நாற்பது சொச்சம் பேரும் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். இரத்தத்தில் ஈயம் இருந்தது என்று காட்டினால் வைத்தியச் செலவை ஆலை முதலாளி ஏற்க வேண்டும். காட்டாவிட்டால் வயதாகிவிட்டது, குடித்திருப்பான், பரம்பரை நோய் என்று சொல்ல ஆலையின் வக்கீலுக்கு ஆயிரம் வழி இருந்தது.

கீழ்த்தளக் கருவிகள் அந்த வருடங்களில் அளந்த உண்மையான எண்கள் ஒரே ஒரு டேப்பில் மிச்சமிருந்தன. இரண்டாவது பிரதியைப் பத்தாண்டு முடிந்ததும் விதிப்படி அழித்துவிட்டார்கள். இதையும் அழித்திருக்க வேண்டும். காலாவதியான டேப்புகளைத் தானியங்கிக் கை தேடி எடுத்து மறுபடி பயன்படுத்திவிடும். அவள்தான் இதை மட்டும் அலமாரியிலிருந்து உருவி, பெட்டியின் மேல் தன் கையாலேயே ஒரு சீட்டு எழுதி ஒட்டி, இரும்புப் பீரோவில் வைத்தாள். அண்ணன் வழக்குப் போடுவதற்கு முந்தைய வருடம் அது. பிப்ரவரியில் தீர்ப்பாயம் கூடத்திடம் எண்களைக் கேட்டது. டேப் இருக்கிறதா என்று இயக்குநர் கேட்டார். இருக்கிறது என்றாள். மார்ச் பதினான்கு, வெள்ளிக்கிழமை விசாரணைக்கு எடுத்துக் கொடுங்கள் என்றார். வழக்கில் உங்கள் சொந்தக்காரர் யாராவது உண்டா என்று அவர் கேட்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று புரிய, டேப்பைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

டிஸ்கில் எழுதுவது எண் போட்ட பெட்டிகளில் பொருள் வைப்பதைப் போன்றது. 'ஏழாம் பெட்டியில் இதை வை' என்று சர்வர் சொல்கிறது. வைத்தாயிற்று என்ற பதில் வழியில் தொலைந்துவிட்டால், சர்வர் அதையே மறுபடி சொல்லலாம். அதே பெட்டியில் அதே பொருள், நஷ்டம் ஒன்றுமில்லை. டேப்பில் பெட்டி கிடையாது. 'அடுத்ததாக இதை எழுது' என்றுதான் சொல்ல முடியும். அது அடுப்படியில் நிற்பவரிடம் ஒரு கரண்டி உப்புப் போடு என்று முன்னறையிலிருந்து கத்துவதைப் போன்றது. பதில் காணோமே என்று மறுபடி கத்தினால் உப்பு இரண்டு கரண்டி ஆகிவிடும். அதனால் டேப்புக்கு எழுதும் சர்வர், பதில் வராவிட்டால், மறுபடி எழுதச் சொல்லக் கூடாது. 'நீ இப்போது எந்த இடத்தில் நிற்கிறாய்?' என்று முதலில் கேட்க வேண்டும். நெட்வொர்க்கில் டேப்பை மாட்டுகிறவர்களுக்கு இது அரிச்சுவடி.

இயந்திரமும் தன் பங்குக்கு ஒரு காவல் வைத்திருக்கிறது. இடையில் யாராவது அதை அணைத்துப் போட்டாலோ, டேப்பை மாற்றினாலோ, அடுத்து வரும் கட்டளையைச் செய்யாமல், 'இங்கே ஏதோ மாறியிருக்கிறது' என்று ஓர் எச்சரிக்கையைத் திருப்பி அனுப்பும். ஒரே தடவைதான் அனுப்பும். அதே கட்டளை மறுபடி வந்தால், தெரிந்துதான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு செய்துவிடும்.

இதெல்லாம் டேப் அக்காவுக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனால் சுவிட்ச் நெட்வொர்க்கில் கை வைக்கும்போதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் வேலை பாதியில் செத்துப்போகும். காலையில் வந்தால் அரைகுறை டேப்பும் இயக்குநரின் கேள்விக் கடிதமும் காத்திருக்கும். ஒரு நாள் அலுத்துப்போய், எச்சரிக்கை வந்தாலும் நிற்காதே, திரும்ப முயற்சி செய் என்று சர்வரில் அமைத்துவிட்டாள். டிஸ்குகளுக்காகக் கொடுத்திருந்த வசதி அது. அதை டேப்புக்கும் சேர்த்துப் போட்டாள். இரண்டு வருடமாக ஒரு குறையும் இல்லை. எல்லோரும் பாராட்டக்கூடச் செய்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் இயந்திரத்தில் அன்றைய வேலை ஓடிக்கொண்டிருந்தபோது நெட்வொர்க் அறுந்தது. அவள் மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தாள்.

"டேய் சுவிட்ச், என்னடா பண்ற?"

"கேபிள் மாத்துறேன் அக்கா. உங்க மூணாம் நம்பர் கொஞ்ச நேரம் ஊமையாத்தான் இருக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி."

"உன் அரை மணி எனக்குத் தெரியாதா? போன வாரம் இதே அரை மணிதான், விளக்கு வெக்கிற வரைக்கும் இழுத்துது."

"பொறுத்தவர் பூமி ஆள்வார் அக்கா."

"பூமி யாருக்குடா வேணும்? எனக்கு ஒரு டேப்பைப் படிச்சா போதும்."

மற்ற இரண்டு இயந்திரங்களும் புதியவை. அவ்வளவு பழைய டேப்பை அவை சீந்தாது. மூன்றாவதுதான் படிக்கும், அதுவும் இப்போது சும்மா கிடக்கிறது. அன்றைய வேலையை ரத்து செய்யச் சொல்லித் திரையில் அமுக்கினாள். 'ரத்து செய்யப்படுகிறது' என்று வந்தது. அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இயந்திரத்தின் முகப்பில் இருந்த பொத்தானை அமுக்கிப் பிடித்தாள். அது அணைந்து, உயிர் வந்து, அன்றைய டேப்பைத் துப்பியது. பீரோவைத் திறந்து பழைய டேப்பை எடுத்தாள். உள்ளங்கையில் அடங்கும் கனமான சதுரம். அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு சிறு தடுப்பு உண்டு. கட்டைவிரலால் தள்ளினால் டேப்பில் யாரும் எழுத முடியாது. டேப்புகளைத் தானியங்கிக் கையே எடுத்து வைக்கத் தொடங்கிய பிறகு, அந்த அறையில் அதைத் தள்ளும் வழக்கம் எவருக்கும் இல்லை. அவள் சேலைத் தலைப்பால் தூசியைத் துடைத்துவிட்டு டேப்பை உள்ளே தள்ளினாள்.

கீழே சுவிட்ச் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அரை மணிகூட ஆகவில்லை. விளக்குகள் பச்சைக்கு மாறின.

சர்வருக்கு யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. அவளுடைய ரத்து அறுந்த கம்பியில் பாதி வழியில் கிடந்தது. பதில் வராத ஒரு துண்டுத் தரவைக் கையில் வைத்துக்கொண்டு அது காத்திருந்தது. வழி திறந்ததும் அனுப்பியது. இயந்திரம், 'இங்கே ஏதோ மாறியிருக்கிறது' என்றது. நிற்காதே என்று பழக்கப்பட்டிருந்த சர்வர் அதையே மறுபடி அனுப்பியது. டேப் தன் முதல் அங்குலத்தில் நின்றுகொண்டிருந்தது.

இயந்திரம் உறுமத் தொடங்கியதும் அவள் சந்தோஷப்பட்டாள். தானாகவே படிக்கத் தொடங்கிவிட்டது என்று ஒரு கணம் நம்பினாள். பிறகு முகப்பில் இருந்த சொல்லைப் பார்த்தாள். எழுதுகிறது. பொத்தானை ஓங்கி அமுக்கினாள். டேப்பை வெளியே தள்ளுவதற்கு முன் செய்ய வேண்டிய கடைசிக் காரியத்தை இயந்திரம் ஒழுங்காகச் செய்தது, 'முடிந்தது' என்ற குறியை வைத்தது.

சுவிட்ச் படியேறி வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, என்ன ஆச்சு? வந்துடுச்சே, எல்லாம் பச்சையா இருக்கே."

"ஆமாடா," என்றாள். "எல்லாம் பச்சைதான்."

---

சாயந்திரம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமைக்கு என்று எடுத்து வைத்த சட்டையில் பித்தான்களைப் பிய்த்துவிட்டு அழுத்துப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனால் பித்தானைத் துளைக்குள் நுழைக்க முடியாது. அதை யாரும் பார்க்கக் கூடாது என்பது அவனுடைய ஒரே பிடிவாதம்.

"வா தங்கச்சி. உங்க அண்ணி என்னை மாப்பிள்ளை ஆக்குறா, பாத்தியா? ஜட்ஜ் மயங்கி விழப் போறாரு."

"மயங்குவாரு. ரெண்டு வாரமா குளிக்க மாட்டேன்னு அடம்பிடிச்சா மயங்காம என்ன செய்வாரு," என்றாள் அண்ணி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். ஆனாலும் சர்வர், கேபிள், எச்சரிக்கை என்று வாய் எங்கெங்கோ போய்த்தான் விஷயத்துக்கு வந்தது. அண்ணியின் கை நின்றது.

"போயிடுச்சா?"

"போகல அண்ணி. முன்னாடி கொஞ்சம்தான் அழிஞ்சிருக்கு. மிச்சம் எல்லாம் அப்படியே உள்ளதான் இருக்கு. ஒரு அடி நகரல. ஆனா இயந்திரம் அந்தக் குறியைத் தாண்டிப் போக மாட்டேங்குது. அங்க ஒண்ணும் இல்லைங்குது."

"நம்ம கம்பெனி டாக்டர் மாதிரி," என்றான் அண்ணன்.

யாரும் சிரிக்கவில்லை. அவன் மட்டும் சிரித்தான்.

"கொஞ்சம் பொறுத்திருக்கலாமே," என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை. அதுதான் தாங்கவில்லை. "பதினோரு வருஷம் பொறுத்தவங்களுக்கு அரை மணி நேரம் பொறுக்கத் தெரியலையா? வேற யார்கிட்டயாவது குடுத்திருக்கக் கூடாதா?"

"வேற யாருக்கும் தெரியாது அண்ணி."

"உனக்கு மட்டும் தெரிஞ்சு என்ன கண்டோம்?"

"ஏய், விடு," என்றான் அண்ணன். "அவ என்ன வேணும்னா செஞ்சா? அவ எடுத்து வெக்கலேன்னா அந்த டேப்பே இருந்திருக்காது." பிறகு தங்கை பக்கம் திரும்பினான். "எனக்கு மட்டும்னா பரவாயில்ல தங்கச்சி. பக்கத்து உலையில நின்னானே, அவனுக்கு இப்ப சிறுநீரகம் ரெண்டும் போயிடுச்சு. அவன் பொண்டாட்டி தினமும் போன் பண்றா. அவகிட்ட யார் சொல்றது?"

"நானே சொல்றேன் அண்ணா."

"சொல்லாத. நான் சொல்லிக்கிறேன்."

தெருவில் ஒரு லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அண்ணன் அவளைப் பார்த்து, புதிதாகக் கேட்பவனைப் போல, "ஆமா, வெள்ளிக்கிழமைக்கு அந்த டேப் என்ன ஆச்சு? எடுத்துட்டியா?" என்றான்.

சில மாதங்களாகவே சொன்னது அவன் மனதில் நிற்பதில்லை. அண்ணி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். டேப் அக்கா முதலிலிருந்து மறுபடி சொன்னாள். இந்தத் தடவை சுருக்கமாகவே வந்தது.

---

வெள்ளிக்கிழமை அவர்களுடைய வக்கீல் அவகாசம் கேட்டார். நடுத்தர வயதுப் பெண்மணி அவர். இப்படிப்பட்ட வழக்குகளில் தோற்றுத் தோற்றுப் பழகியவர். தீர்ப்பாயம் இரண்டு மாதம் கொடுத்தது. சேதமான டேப்புகளிலிருந்து தரவை மீட்கும் ஒரு நிறுவனத்துக்குக் கூடம் டேப்பை முத்திரையிட்டு அனுப்பியது. அங்கே உள்பொறியை மாற்றிய இயந்திரங்கள் உண்டு. 'முடிந்தது' என்ற குறியை அவை மதிப்பதில்லை.

மே மாதம் அறிக்கை வந்தது. குறிக்கு அப்பால் இருந்த அத்தனையும் கிடைத்துவிட்டது. பக்கம் பக்கமாக ஆள் எண், ஈய அளவு. பெயர்கள் இல்லை. அண்ணனின் ஆள் எண் அவளுக்கு மனப்பாடம். அனுமதித்த அளவைப்போல மூன்று மடங்கு. அடுத்த தடவை அளந்தபோது நான்கு மடங்கு. பக்கத்து உலைக்காரனுக்கு இன்னும் மேலே. அவள் இயக்குநரின் மேசைக்கு முன்னால் நின்றபடி எண்களின்மேல் விரலை ஓட்டினாள். சந்தோஷப்படவா அழவா என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிட்டாள்.

"ஜெயிச்ச மாதிரிதான்," என்று அன்று மாலை வக்கீல் தொலைபேசியில் சொன்னார். பிறகு கொஞ்சம் இழுத்து, "முன்னாடி அழிஞ்சதுன்னு போட்டிருக்காங்களே, அதுல என்ன இருந்தது?" என்றார்.

"டேப்போட பேரு. எந்த வருஷம், எந்த ஆலை, எந்தக் கூடம், எந்தக் கருவியில அளந்தது, இதெல்லாம்."

"அது வேற எங்கயும் இல்லையா?"

"பெட்டி மேல ஒட்டியிருக்கிற சீட்டுல இருக்கு."

"சீட்டு யார் எழுதினது?"

அவள் சொன்னாள். மறுமுனையில் வக்கீல் அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டார்.

ஆலையின் வக்கீல் இளைஞர், மரியாதையானவர். சாட்சிக் கூண்டில் நின்ற அவளைத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்கினார்.

"அம்மா, இந்த டேப் பத்து வருஷம் முடிஞ்சதும் அழிக்க வேண்டியது. அழிக்காம வெச்சது யாரு?"

"நான்தான்."

"மேலதிகாரி யாராவது சொல்லி வெச்சீங்களா?"

"இல்லை."

"எங்க வெச்சிருந்தீங்க?"

"பீரோவில."

"சாவி?"

"என்கிட்ட."

"மார்ச் பதினொண்ணு அன்னைக்கு அந்த டேப்ல புதுசா ஏதோ எழுதப்பட்டிருக்கு. டேப்பை உள்ள போட்டது?"

"நான். ஆனா எழுதினது நான் இல்லை. பதில் வராததால சர்வர் மறுபடி அனுப்பின தரவு அது. டேப்புக்கு மறுபடி அனுப்பக் கூடாது, எங்க நிக்குறன்னு முதல்ல கேக்கணும், ஆனா அது…"

"அப்படி மறுபடி அனுப்பும்படி அமைச்சது யாரும்மா?"

அவள் கூண்டின் மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நான்."

"நீங்க சொல்றது எல்லாம் உண்மைன்னே வெச்சுக்குவோம். நான் பொய்னு சொல்லல." அவர் கையில் இருந்த தாளைக் கீழே வைத்தார். "முதல் மனுதாரர் உங்களுக்கு என்ன வேணும்?"

பின்வரிசையில் அழுத்துப் பொத்தான் சட்டையோடு அண்ணன் உட்கார்ந்திருந்தான். கேள்வி தனக்குத்தான் என்று நினைத்தானோ என்னவோ, எழுந்து நின்றான்.

"கூடப்பிறந்த அண்ணன்," என்றாள் அவள்.

அறையில் சின்னச் சலசலப்பு எழுந்து அடங்கியது. இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இளைஞர் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர்களுடைய வக்கீல் எழுந்து, மீட்ட நிறுவனத்தின் நிபுணரைக் கூப்பிட்டார். எண்களை யாரும் புதிதாகப் புகுத்தியதற்கு அடையாளம் இல்லை என்று நிபுணர் சொன்னார். அவை எந்த வருடத்தவை, எந்த ஆலையின் ஆட்களுடையவை என்று டேப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா என்று தீர்ப்பாய உறுப்பினரே கேட்டார்.

"முடியாது ஐயா. அந்த விவரம் தொடக்கத்துல இருக்கும். அந்த இடத்துல இப்ப வேற தரவு இருக்கு."

வெளியே வராந்தாவில் அண்ணன் அவளுடைய தோளில் கை வைத்தான். கை நடுங்கியது, அவன் அதை மறைக்கவில்லை.

"நல்லாத்தான் பேசின. பொய் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லியிருக்கலாம் அண்ணா."

"சொல்லத் தெரிஞ்சிருந்தா நாம ஏன் இங்க நிக்கிறோம்?"

பக்கத்து உலைக்காரனின் மனைவி படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். டேப் அக்கா அவளை நோக்கி இரண்டடி வைத்தாள். அந்தப் பெண் பார்த்துவிட்டு, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஜூன் கடைசி வாரத்தில் உத்தரவு வந்தது. அளவுகள் எந்த ஆண்டைச் சேர்ந்தவை, யாருடையவை என்பதை டேப் தானாகக் காட்டவில்லை. காட்டக்கூடிய ஒரே சாட்சி முதல் மனுதாரரின் உடன்பிறந்தவர். அழித்திருக்க வேண்டிய அந்த டேப் இடைப்பட்ட காலம் முழுவதும் அவர் வசமே இருந்தது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது அதில் எழுதப்பட்டது. எனவே அதைச் சான்றாக ஏற்க இயலாது என்று அதில் இருந்தது. மனுக்கள் அனைத்தும் தள்ளுபடி செய்யப்பட்டன. மேல்முறையீடு செய்ய மனுதாரர்களில் பெரும்பாலோர் விரும்பவில்லை. கூடம் அவளை மேல்மாடியிலிருந்து கீழ்த்தளத்தில் மாதிரிகளை வாங்கி வைக்கும் பிரிவுக்கு மாற்றியது. மூன்றாம் இயந்திரத்தின் பொறுப்பு சுவிட்சுக்குக் கொடுக்கப்பட்டது.